அசுவினியைத் தின்னும் ஈ: மிதவை ஈக்களை அடையாளம் கண்டு தோட்டத்தில் தங்கவைக்க முழுமையான வழிகாட்டி

அவரைக் கொழுந்தில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி கறுப்பாக அப்பிக் கிடக்கும்போது, அதன் நடுவே கால் இல்லாத ஒரு புழு நெளிவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். பச்சையாகவோ வெளிர் பழுப்பாகவோ இருக்கும். முதுகில் ஒரு வெள்ளைக் கோடு ஓடும். அசுவினியோடு சேர்ந்து அதுவும் செடியைக் கெடுக்கிறது என்று நினைத்து விரலால் நசுக்கிவிடுவோம். உண்மையில் அது இலையைத் தொடுவதே இல்லை. அந்தக் கொழுந்தில் இருக்கும் அசுவினிதான் அதன் சாப்பாடு. பூக்களின் மேல் அந்தரத்தில் அப்படியே நிற்கிற, குளவி போல் மஞ்சளும் கறுப்புமாய்ப் பட்டை போட்ட மிதவை ஈயின் புழு அது.

இந்த ஈயைப் பற்றிப் புரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம், இதற்கு இரண்டு வேறு வேறு வாழ்க்கை உண்டு என்பது. தாய் ஈக்கு, அதாவது ஆணோ பெண்ணோ வளர்ந்த ஈக்கு, பூ வேண்டும். புழுவுக்கு அசுவினி வேண்டும். தோட்டத்தில் இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் இது தங்காது. அசுவினியை ஒன்றுவிடாமல் ஒழித்துக்கட்ட வேண்டும் என்று நினைப்பவர்கள், அதை ஒழிக்க வந்த ஆளையும் சேர்த்தே விரட்டிவிடுகிறார்கள். கீழே சொல்லியிருக்கும் எல்லாப் படிகளும் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகின்றன.

எந்த ஈ, என்ன வேலை

சிர்பிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை இவை. வேளாண் அலுவலர்கள் சிர்பிட் ஈ என்பார்கள். மிதவை ஈ, பூ ஈ என்றும் எழுதுவதுண்டு. உலகில் 6,000க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் மட்டும் 300க்கும் மேல் உண்டு.

தாய் ஈக்கள் எல்லாமே பூவைத் தேடித்தான் போகும். புழுக்களின் வேலைதான் இனத்துக்கு இனம் மாறும். ஒரு கூட்டம் அசுவினியைத் தின்னும். இன்னொரு கூட்டம் சாணிக்கரைசல், சாக்கடை, இலை அழுகிய குட்டை போன்ற இடங்களில் வாழ்ந்து மட்கும் வேலையைச் செய்யும். சில இனங்கள் கிழங்கு, தண்டு போன்றவற்றைக் குடையும். மைக்ரோடான் வகைப் புழுக்கள் எறும்புப் புற்றுக்குள்ளேயே வளரும். அவற்றின் வடிவம் எவ்வளவு விசித்திரம் என்றால், 19ஆம் நூற்றாண்டில் அதைப் பார்த்தவர்கள் நத்தை இனத்தில் சேர்த்துப் பெயர் வைத்தார்கள்.

நம் சமவெளித் தோட்டங்களில் அசுவினிக்கூட்டத்தில் அதிகம் கிடைப்பவை இஸ்கியோடான் ஸ்குட்டெல்லாரிஸ், பராகஸ் செர்ராட்டஸ் ஆகிய இரண்டும். மலைப்பகுதிகளிலும் குளிர் மாதங்களிலும் எபிசிர்பஸ் பால்டியேட்டஸ் சேர்ந்துகொள்ளும். 2002இல் மகாராஷ்டிரத்தில் தொடங்கித் தெற்கே பரவிய கரும்பு வெள்ளை அசுவினியைத் தின்றவற்றில் யூப்பியோடெஸ் கான்ஃப்ரேட்டர் என்ற மிதவை ஈயும் உண்டு.

படி 1: தாய் ஈயை அடையாளம் காணுங்கள்

காலை 7 முதல் 10 மணி வரை, பூத்திருக்கும் கொத்தமல்லி, கடுகு, துளசி இவற்றில் ஏதாவது ஒன்றின் அருகில் நில்லுங்கள். நிழல் பூவின் மேல் விழக்கூடாது. பத்து நிமிடம் அசையாமல் இருந்தால் போதும். காற்றில் ஒரே புள்ளியில் நின்று, சட்டென்று பக்கவாட்டில் ஒரு சாண் நகர்ந்து, மறுபடி நிற்பது மிதவை ஈ. தேனீயும் பூவின் முன் ஓரிரு நொடி தயங்கும். ஆனால் இப்படி ஆணி அடித்ததுபோல் நிற்காது.

பூவில் உட்கார்ந்ததும் கவனிக்க வேண்டியவை:

- இறக்கை ஒரு ஜோடிதான். தேனீக்கும் குளவிக்கும் இரண்டு ஜோடி.
- உணர்கொம்பு மிகக் குட்டை. முகத்தில் இரண்டு புள்ளி வைத்ததுபோல் இருக்கும். குளவிக்கு நீளமாக வளைந்து நிற்கும்.
- தலையில் பெரும்பகுதி கண்தான். பெரும்பாலான இனங்களில் ஆணுக்கு இரண்டு கண்ணும் உச்சியில் ஒட்டியிருக்கும். பெண்ணுக்கு நடுவே இடைவெளி உண்டு. முட்டையிடும் பெண்கள் வந்திருக்கின்றனவா என்று இதை வைத்தே சொல்லிவிடலாம்.
- பின்னங்காலில் மகரந்தக் கூடை கிடையாது.
- கொடுக்கு கிடையாது. குளவி வேஷம் பறவைகளை ஏமாற்றத்தான். ஆபத்தில்லாத பூச்சி, ஆபத்தான பூச்சியின் உருவத்தை எடுத்துத் தப்பிப்பதை இங்கிலாந்து இயற்கையியலாளர் ஹென்றி வால்ட்டர் பேட்ஸ் 1862இல் விளக்கினார். மிதவை ஈக்கள் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

இஸ்கியோடான் விரல் நகத்தின் நீளத்துக்கு இருக்கும். நெஞ்சின் இரு ஓரமும் பளிச்சென்று மஞ்சள் கோடு போட்டிருக்கும். பராகஸ் அதில் பாதிதான், 5 மில்லிமீட்டர் அளவு. கூர்ந்து பார்க்காவிட்டால் ஏதோ கொசு என்று விட்டுவிடுவோம். எபிசிர்பஸை வயிற்றில் ஆரஞ்சு நிறத்தின் மேல் தடித்த கறுப்புப் பட்டையும் அதையொட்டி மெல்லிய பட்டையும் மாறி மாறி வருவதை வைத்துப் பிடித்துவிடலாம்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. மா, கொய்யா, பாகல், புடலையில் காயைத் துளைக்கும் பழ ஈயும் மஞ்சள் பட்டையோடு குளவி போலவே இருக்கும். ஆனால் அதன் இறக்கையின் முன் ஓரத்தில் கறுப்புக் கோடு தெரியும். பெண்ணின் வயிற்று நுனி ஊசிபோல் கூராக இருக்கும். அந்தரத்தில் நிற்காது. காயின் மேலோ இலையின் மேலோ இறக்கையை ஆட்டிக்கொண்டு நடக்கும். பழ ஈ என்று நினைத்து மிதவை ஈயை அடிப்பதும், மிதவை ஈ என்று நினைத்துப் பழ ஈயை விட்டுவைப்பதும் இரண்டுமே நடக்கிறது.

படி 2: முட்டை, புழு, கூடு

தாயைத் தெரிந்துகொள்வதைவிட இதுதான் முக்கியம். பழகிக்கொள்ள மிகச் சிறந்த இடம் எருக்கஞ்செடி. அதன் கொழுந்திலும் மொட்டுக் காம்பிலும் மஞ்சள் உடம்பும் கறுப்புக் காலுமாய் ஒரு அசுவினி கூட்டமாய் இருக்கும். அது எருக்கு, அரளி வகைகளைத்தான் தாக்கும். காய்கறிப் பயிருக்கு மாறாது. அந்தக் கூட்டத்துக்குள் மிதவை ஈப் புழு அடிக்கடி கிடைக்கும். ஒரு கொழுந்தை வளைத்து, அடிப்பக்கமாகத் தேடுங்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து, ஒடிக்காமல் பாருங்கள்.

முட்டை வெள்ளையாய், அரிசியைச் சுருக்கியதுபோல் நீளவாக்கில், 1 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அசுவினிக்கூட்டத்துக்குள்ளேயோ அதன் ஓரத்திலேயோ தனித்தனியாக, இலையோடு படுத்த நிலையில் ஒட்டியிருக்கும். பொறிவண்டின் முட்டை மஞ்சளாய்க் கொத்தாக நிமிர்ந்து நிற்கும். அசுவினியைத் தின்னும் இன்னொரு நல்ல பூச்சியான க்ரைசோபெர்லாவின் முட்டை நூல்போன்ற காம்பின் நுனியில் இருக்கும். எனவே குழப்பம் வராது. 2 முதல் 3 நாளில் பொரிந்துவிடும்.

புழுவின் முன்பக்கம் கூராக இருக்கும். பின்பக்கம் மழுங்கி, நடுவே ஒரு சிறு மேடு இருக்கும். அந்த மேடு மூச்சுக்குழல். தலை என்று தனியாகத் தெரியாது, கால் கிடையாது. காய்ப்புழு, இலைப்புழு எதுவாக இருந்தாலும் உருண்டைத் தலையும் முன்னால் மூன்று ஜோடிக் காலும் தெரியும். இந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் வீட்டில் உள்ள எல்லாருக்கும், களை எடுக்க வருபவர்களுக்கும் காட்டிக்கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அது சாப்பிடுவதை ஒருமுறை லென்ஸ் வைத்துப் பாருங்கள். கண் இல்லாததால் கூர்முனையை இடமும் வலமும் வீசித் தடவும். ஒரு அசுவினி தட்டுப்பட்டதும் கொக்கி போன்ற வாயால் குத்தி, இலையிலிருந்து அப்படியே தூக்கிப் பிடிக்கும். கால்கள் அந்தரத்தில் உதறிக்கொண்டிருக்க, சாறு உறிஞ்ச உறிஞ்ச அசுவினியின் உடம்பு சுருங்குவது நன்றாகத் தெரியும். வெறும் தோலை உதறிவிட்டு அடுத்ததைத் தேடும். 7 முதல் 10 நாள் இதே வேலைதான். இனத்தையும் அசுவினியின் பருமனையும் பொறுத்து ஒரு புழு சில நூறு அசுவினியை முடித்துவிடும். அதில் பெரும்பங்கு கடைசி மூன்று நான்கு நாளில்தான்.

பல இனங்களின் புழு பகலில் இலை மடிப்பிலும் காம்பிடுக்கிலும் ஒதுங்கிவிட்டு இரவில் மேயும். பகலில் ஒன்றும் தெரியவில்லை என்றால் இரவு 8 மணிக்கு டார்ச்சோடு போங்கள். இலையில் தார் சிந்தியதுபோல் சிறு கறுப்புக் கறை இருந்தால் புழு அங்கே இருந்திருக்கிறது என்று பொருள்.

கூட்டுப்புழு சொட்டு நீர் வடிவத்தில், ஒரு பக்கம் உருண்டு மறுபக்கம் ஒடுங்கி இலையின் அடியில் ஒட்டியிருக்கும். சில சருகிலோ மேல்மண்ணிலோ கிடக்கும். 6 முதல் 8 நாளில் ஈ வெளிவரும். ஆக முட்டையிலிருந்து ஈ வரை சுமார் இரண்டரை வாரம். பூ விதைப்பையும் மருந்தடிப்பையும் இந்தக் கணக்கை மனதில் வைத்தே திட்டமிட வேண்டும்.

படி 3: எதையும் அடிப்பதற்கு முன் எண்ணுங்கள்

வாரம் இருமுறை, வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 20 செடியில் நுனி ஒரு சாண் அளவைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் நான்கு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: அசுவினி இருக்கிறதா, மிதவை ஈயின் முட்டையோ புழுவோ இருக்கிறதா, பொறிவண்டு போன்ற மற்ற நல்ல பூச்சி இருக்கிறதா, எறும்பு ஏறுகிறதா.

அசுவினி உள்ள கொழுந்துகளில் மூன்றில் ஒன்றிலாவது புழு இருந்தால் 4 நாள் பொறுத்திருந்து மறுபடி எண்ணுங்கள். முட்டை மட்டும் இருந்தால் 6 நாள். பெரும்பாலும் இரண்டாவது எண்ணிக்கையிலேயே அசுவினி வெற்றுத் தோலாக மாறியிருப்பது தெரியும். இது எங்கள் நடைமுறை அளவுகோல். பயிரின் வயது, கொழுந்து எவ்வளவு சுருண்டிருக்கிறது என்பதைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

அசுவினிக்கூட்டம் ஆரம்பத்தில் இருந்து, முட்டைகூட இன்னும் விழவில்லை என்றால் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவிவிடலாம். புழு வந்த பிறகு கழுவாதீர்கள். கீழே விழும் புழு மறுபடி அதே கொழுந்துக்கு ஏறி வருவது அபூர்வம்.

படி 4: பூவைக் கொடுங்கள்

தேன் பறக்கும் சக்திக்கு; மகரந்தம் முட்டை முதிர்வதற்கு. மகரந்தம் கிடைக்காத பெண் ஈ முட்டையிடாது. அதனால் தோட்டத்தில் சர்க்கரைத் தண்ணீர் வைப்பதால் பெரிய பயன் இல்லை.

இந்த ஈயின் வாய் குட்டை. குழலாக நீண்ட பூவுக்குள் அதனால் நுழைய முடியாது. இட்லிப்பூ, நித்தியகல்யாணி எல்லாம் கண்ணுக்கு அழகு. மிதவை ஈக்குப் பயனில்லை. அடுக்குச் செண்டுமல்லியிலும் இதழ்க் குவியலுக்குள் மகரந்தம் மறைந்துவிடுகிறது. ஒற்றை அடுக்கு ரகம் பரவாயில்லை. தட்டையாக விரிந்து, தேனும் மகரந்தமும் மேலேயே இருக்கும் பூதான் வேண்டும். வரிசைப்படுத்தினால் முதலிடம் கொத்தமல்லிக்கு. அடுத்து சோம்பு, கடுகு. துளசி, திருநீற்றுப்பச்சிலை, காஸ்மாஸ், சூரியகாந்தி ஆகியவை நீண்ட நாள் பூக்கும் என்பதால் துணைக்கு நல்லது. மக்காச்சோளம், சோளம், கம்பு இவற்றின் மகரந்தத்தையும் சில இனங்கள் விரும்பித் தின்னும்.

கொத்தமல்லி வரிசை போடும் முறை இது. 10 மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலத்துக்கு 10 கிராம் விதை போதும். விதையை லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து, 12 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி விதையுங்கள். உடைக்காமல் போட்டால் முளைப்பு சீராக வராது. கீரைக்கு வளர்ப்பதுபோல் பறித்துக்கொண்டே இருந்தால் பூ வராது. இந்த வரிசையில் கை வைக்கக்கூடாது. ரகத்தையும் பருவத்தையும் பொறுத்து 40 முதல் 50 நாளில் பூக்கும், இரண்டு வாரத்துக்கு மேல் நிற்காது. ஆகையால் ஒரே நாளில் எல்லாவற்றையும் விதைக்காமல் 15 நாள் இடைவெளியில் மூன்று தடவையாக விதையுங்கள். முதல் விதைப்பு, பயிர் நடுவதற்கு மூன்று வாரம் முன்பே முடிந்துவிட வேண்டும். அசுவினி வந்த பிறகு பூ விதைப்பது வீண்.

கடுகு வேகமாகப் பூக்கும். அதே அளவு இடத்துக்கு 3 கிராம் விதை. முட்டைக்கோஸ், காலிபிளவர், முள்ளங்கி போட்டவர்கள் மட்டும் கடுகைத் தவிர்க்கலாம் அல்லது நன்கு கவனித்துக்கொண்டு போடலாம். கடுகில் வரும் அசுவினி அந்தப் பயிர்களுக்கும் போகும்.

வரப்பு ஓரம் மட்டும் பூ வைத்தால் பெரிய வயலின் நடுப்பகுதிக்குப் பயன் குறைவு. எந்தச் செடியும் ஒரு பூ வரிசையிலிருந்து 15, 20 மீட்டருக்கு மேல் தள்ளி இல்லாதபடி ஊடே ஊடே போடுங்கள். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சாலினாஸ் பள்ளத்தாக்கில் இயற்கை முறையில் கீரை வகையான லெட்யூஸ் பயிரிடுபவர்கள், வயலுக்குள்ளேயே அலிசம் என்ற சிறு வெள்ளைப் பூச்செடியை நடுகிறார்கள். லெட்யூஸ் உள்ளே புகுந்துகொள்ளும் அசுவினியை அங்கே கட்டுப்படுத்துவது முக்கியமாக மிதவை ஈப் புழுக்கள்தான்.

விதைக்காமலே கிடைக்கும் பூவும் உண்டு. வரப்பில் இருக்கும் வெட்டுக்காயப் பூண்டு, கரிசலாங்கண்ணி, மூக்கிரட்டை இவற்றை முழுக்கச் சுரண்டாதீர்கள். ஒரு பக்கம் வெட்டினால் மறுபக்கத்தை மூன்று வாரம் விட்டுவையுங்கள். பார்த்தீனியத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவைக்க வேண்டாம்.

மாடித்தோட்டத்துக்கு: அரை அடி ஆழமுள்ள அகலத் தொட்டிகள் மூன்றில் கொத்தமல்லியை 15 நாள் இடைவெளியில் விதையுங்கள், ஒரு துளசி, ஒரு திருநீற்றுப்பச்சிலை. தொட்டிகளை மாடியின் மூலையில் அழகுக்காக ஒதுக்கி வைக்காமல் கத்தரி, அவரைப் பைகளுக்கு நடுவே வையுங்கள். காற்று அதிகம் அடிக்கும் மாடியில் ஈ நிற்காது. ஒரு பக்கம் நிழல்வலை கட்டினால் வித்தியாசம் தெரியும்.

படி 5: தீங்கில்லாத அசுவினியைக் கையிருப்பு வையுங்கள்

பயிரில் அசுவினி வருவதற்கு முன்பே மிதவை ஈ அருகில் இனப்பெருக்கம் செய்துகொண்டிருந்தால்தான் முதல் தாக்குதலின்போதே முட்டை விழும். அதற்கு உங்கள் பயிரைத் தாக்காத அசுவினி உள்ள செடி வேண்டும். முன்னே சொன்ன எருக்கு ஒன்று. வேலி ஓரம் நாலைந்து செடி இருந்தால் போதும். இன்னொன்று சோளம் அல்லது மக்காச்சோளம். அதன் குருத்தில் வரும் நீலப்பச்சை அசுவினி புல் வகைகளிலேயே வாழ்வது. அவரை, தட்டைப்பயறு, கத்தரியில் குடியேறாது. வயலைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை சோளம், நடவுக்கு ஒரு மாதம் முன்பே போட்டுவிடுங்கள். மகரந்தமும் கிடைக்கும், காற்றுத் தடுப்பும் ஆகும்.

புழுவை நீங்களே மாற்றியும் வைக்கலாம். கடையில் க்ரைசோபெர்லா முட்டை அட்டை வாங்குவதுபோல் இது இங்கே பொதுவாகக் கிடைப்பதில்லை. கூண்டுக்குள் இணைசேர வைப்பது கடினம். ஆனால் ஒரு செடியில் நிறையப் புழு இருந்து, பக்கத்துச் செடியில் அசுவினி மட்டும் இருந்தால், புழு இருக்கும் இலையையே கிள்ளி ஒரு டப்பாவில் போடுங்கள். விரலால் புழுவைப் பிடிக்க வேண்டாம், தோல் மெல்லியது. ஒரு டப்பாவில் நாலைந்துக்கு மேல் வேண்டாம். பசி எடுத்தால் ஒன்றையொன்று தின்னும். அன்றைக்கே, மாலை வெயில் தாழ்ந்ததும், ஒரு கொழுந்துக்கு ஒன்று என்ற கணக்கில் இலையோடு சொருகிவிடுங்கள்.

படி 6: எறும்பை ஏறவிடாதீர்கள்

மிதவை ஈ வந்தும் பலன் கிடைக்காத இடங்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது எறும்பை. அசுவினி கழிக்கும் இனிப்புத் திரவத்துக்காகக் கட்டெறும்பு அதைக் காவல் காக்கும். மிதவை ஈயின் முட்டையையும் சின்னப் புழுவையும் தூக்கிப்போய்விடும் அல்லது கடித்துக் கீழே தள்ளிவிடும்.

பந்தல் பயிருக்குத் தீர்வு எளிது. பந்தல் கால்கள் ஒவ்வொன்றிலும் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் நாலு விரல் அகலத்துக்கு பிளாஸ்டிக் தாளை இறுக்கிச் சுற்றி, அதன்மேல் கிரீஸ் தடவுங்கள். கொடியின் தண்டிலோ மரப்பட்டையிலோ நேரடியாகத் தடவினால் பட்டை வெந்துவிடும். வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள்: தூசி படிந்தாலும், ஒரு புல் சாய்ந்து பாலம் போட்டாலும் எறும்பு ஏறிவிடும். தொட்டிச் செடியானால் தொட்டியை மேடையில் வைத்து மேடைக் கால்களுக்கு இதையே செய்யலாம். அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைப்பது கொசுவுக்கு இடம் கொடுப்பது, வேண்டாம்.

படி 7: மருந்திலும் அட்டையிலும் கவனம்

இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சம், டைமீத்தோயேட் போன்ற பூச்சிமருந்துகள் அசுவினியோடு மிதவை ஈயையும் கொல்லும். செடிக்குள் ஊடுருவும் இந்த மருந்து பூவின் தேனிலும் மகரந்தத்திலும் போய்ச் சேரும் என்பதால், அடித்த நாள் தாண்டியும் தீங்கு தொடரும். அசுவினி ஒரு வாரத்தில் மறுபடி பெருகிவிடும். தின்ன வந்த பூச்சி திரும்ப வர வாரங்கள் ஆகும். மருந்தடித்த பிறகு அசுவினி முன்பைவிட அதிகமாகிறது என்று விவசாயிகள் சொல்வதற்குக் காரணம் இதுவே.

இயற்கை மருந்து என்றால் ஒன்றும் ஆகாது என்பது தவறான நம்பிக்கை. சோப்புக் கரைசல் மேலே பட்டால் புழு செத்துவிடும். வேப்பங்கொட்டைக் கரைசல் தாய் ஈயை அதிகம் பாதிக்காவிட்டாலும், புழு தோலுரிப்பதையும் கூடாவதையும் கெடுக்கும். அடித்தே ஆக வேண்டும் என்றால் வயல் முழுக்க அடிக்காமல், புழு இல்லாத, அசுவினி மட்டும் அப்பிய கொழுந்துகளில் கைத்தெளிப்பானால் அடியுங்கள். நேரம் சூரியன் மறைந்த பிறகு. பூ வரிசை மீது எதுவும் படக்கூடாது.

மஞ்சள் ஒட்டு அட்டை இன்னொரு பிரச்சினை. மிதவை ஈக்கு மஞ்சள் நிறம் மிகப் பிடிக்கும்; வெள்ளை ஈக்கு வைத்த அட்டையில் இது கொத்துக் கொத்தாக ஒட்டிச் சாகும். கண்காணிக்க மட்டும் என்றால் ஏக்கருக்கு நாலைந்து அட்டை போதும். பூ வரிசையிலிருந்து தள்ளி, பயிரின் நுனி மட்டத்துக்கே வையுங்கள். ஒரே அட்டையில் மிதவை ஈ திரும்பத் திரும்ப மாட்டினால் அதைக் கழற்றிவிடுங்கள்.

யூரியாவையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். தழைச்சத்து மிஞ்சிய இளங்கொழுந்தில் அசுவினி பெருகும் வேகத்துக்கு எந்தப் புழுவாலும் ஈடுகொடுக்க முடியாது.

பலன் தெரியாவிட்டால்

தாய் ஈ நிறையப் பறக்கிறது, புழுவைக் காணோம்: கண்ணுக்கு இடைவெளி உள்ள பெண் ஈக்கள் வருகின்றனவா என்று பாருங்கள். அவை வந்தும் முட்டை இல்லை என்றால் பூ பயிரிலிருந்து தூரத்தில் இருக்கலாம், அல்லது முன்பு அடித்த மருந்தின் மிச்சம் இலையில் இருக்கலாம். பூ வரிசைக்குப் பக்கத்துச் செடிகளில் முதலில் தேடுங்கள். அங்கே முட்டை இருந்தால் தூரம்தான் காரணம்.

புழு இருக்கிறது, அசுவினி குறையவில்லை: எறும்பு, யூரியா, அல்லது புழு இன்னும் சின்னது. 3 மில்லிமீட்டர் புழுவிடம் பெரிய வேலை எதிர்பார்க்க முடியாது. நான்கு நாள் கொடுங்கள்.

கூடு நிறைய இருக்கிறது, அடுத்த தலைமுறை வரவில்லை: காலிக் கூடுகளைச் சேகரித்து லென்ஸில் பாருங்கள். மிதவை ஈ வெளிவந்திருந்தால் உருண்ட முனை மூடிபோல் உடைந்து திறந்திருக்கும். கூட்டில் கடித்துப் போட்ட ஓட்டை இருந்தால் வெளிவந்தது ஒட்டுண்ணிக் குளவி. டிப்ளசான் லேட்டடோரியஸ் என்ற குளவி மிதவை ஈயின் முட்டையிலோ இளம் புழுவிலோ தன் முட்டையை வைத்துவிடும். புழு வழக்கம்போல் அசுவினியைத் தின்று கூடாகும், கூட்டிலிருந்து குளவி வரும். பருவத்தின் பிற்பகுதியில் இது அதிகமாகும். இதற்கு மருந்து தேட வேண்டாம். பூவும் கையிருப்பு அசுவினியும் தொடர்ந்து இருந்தால் வெளியிலிருந்து புது ஈக்கள் வந்து சேரும். இவை நெடுந்தூரம் பறப்பவை. தெற்கு பிரிட்டனின் வானத்தை ரேடாரில் கவனித்து 2019இல் வெளியிட்ட ஆய்வு, ஆண்டுக்கு 400 கோடி வரை மிதவை ஈக்கள் அங்கே வந்துபோவதாகக் கணக்கிட்டது.

சில இடங்களில் மிதவை ஈயை நம்பி இருந்துவிடக்கூடாது. பப்பாளி வளையப்புள்ளி நோய், மிளகாயில் அசுவினி பரப்பும் நச்சுயிரி நோய்கள் இவையெல்லாம் அசுவினி ஒருமுறை ஊசி குத்திய சில நொடிகளிலேயே பரவிவிடும். பிறகு அந்த அசுவினியைத் தின்று என்ன பயன்? வாழையில் முடிக்கொத்து நோயைப் பரப்பும் அசுவினி இலையுறைக்குள் ஒளிந்திருப்பதால் புழுவால் எட்ட முடியாது. அங்கெல்லாம் நோயில்லாத நாற்று, நோய் கண்ட செடியை உடனே அகற்றுவது, சுற்றிலும் தடுப்புப் பயிர் இவைதான் வழி.

மட்கும் நீரில் வளரும் வகை

மாம்பூ, வெங்காய விதைப்பயிர், கேரட் விதைப்பயிர் இவற்றில் மொத்தமாய் வரும் பருத்த மிதவை ஈக்கள் வேறு வகை. எரிஸ்டலினஸ் இனங்களின் கண்ணில் புள்ளியோ கோடோ இருக்கும். அருகில் பார்த்தால் மறக்க முடியாத கண். இவற்றின் புழு எலிவால் போன்ற, நீட்டிச் சுருக்கக்கூடிய மூச்சுக்குழலோடு அழுக்கு நீரில் வாழும். அசுவினிக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. ஆனால் மகரந்தச் சேர்க்கைக்கு மிக நல்லவை. கூட்டுக்குத் திரும்ப வேண்டிய கட்டாயம் இல்லாததால் மகரந்தத்தைத் தூரத்துச் செடிகளுக்கும் கொண்டுபோகும்.

வெளிநாட்டு வழிகாட்டிகளில் இவற்றுக்காக வாளியில் இலையும் தண்ணீரும் ஊறப்போடச் சொல்வார்கள். நம் ஊரில் அதைச் செய்ய வேண்டாம். தேங்கிய தண்ணீர் எதுவானாலும் ஏதாவது ஒரு கொசு முட்டையிடும்: தெளிந்த நீரில் டெங்குக் கொசு, அழுகிய நீரில் க்யூலெக்ஸ். மாடு வைத்திருப்பவர்களிடம் சாணிக்கரைசல் ஓடும் வாய்க்கால், எருக்குழியின் ஈர ஓரம் ஏற்கெனவே இருக்கும். அதில் பூச்சிமருந்தோ பினாயிலோ ஊற்றாமல் விட்டாலே இவற்றுக்குப் போதும். புழு கூடாவதற்குக் காய்ந்த இடம் தேடி ஊர்ந்து வரும் என்பதால் குழியின் ஓரத்தில் கொஞ்சம் வைக்கோலோ சருகோ கிடக்கட்டும்.

அறுவடை முடிந்ததும்

அவரையையும் தட்டைப்பயறையும் கடைசிப் பறிப்பு முடிந்த அன்றே பிடுங்கி எரித்தால், இலையடியில் இருக்கும் கூடுகளும் எரிந்துபோகும். பிடுங்கிய செடியை அடுத்த பயிருக்குப் பக்கத்து வரப்பில், நிழலில், தளர்வாகக் குவித்து 10 நாள் வைத்திருங்கள். கூட்டிலிருந்து ஈ வெளிவந்துவிடும். நச்சுயிரி நோய் கண்ட செடிகளுக்கு மட்டும் இது பொருந்தாது, அவற்றைத் தனியே அகற்றிவிடுங்கள். பிறகு குவியலை உரக்குழிக்குத் தள்ளலாம். அந்த வரப்பில் அடுத்த கொத்தமல்லி வரிசை அப்போது பூத்திருக்கும்படி, கடைசிப் பறிப்புக்கு ஒரு மாதம் முன்பே விதைத்துவிடுங்கள்.